ஓவியக்கூடத்தைப் பிரித்துக் கட்டும்போது எதைக் காப்பாற்றுவது?

கித்தான்காரன் (இழையைத் தொடங்கியவர், திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் ஓட்டுக் கொட்டகையில் நான் 2004 முதல் ஓவியம் தீட்டி வருகிறேன். அதன் உத்தரத்தில் கறையான் ஏறிவிட்டது. தை மாதத்துக்குள் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டியே ஆகவேண்டும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். பொறியாளராக இருக்கும் என் மகன் வரைபடமும் போட்டுக் கொடுத்திருக்கிறான். வெள்ளை டைல்ஸ் தரை, நான்கு பக்கமும் கண்ணாடிச் சாளரம், சுவரோடு சேர்ந்த அலமாரி என்று அக்கறையோடு போட்ட வரைபடம் அது. ஆனால் அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, அந்த அறையில் நான் எந்த இடத்தில் நிற்பேன் என்பது எனக்குப் புலப்படவில்லை.

பழைய கொட்டகை ஒரே நாளில் ஓவியக்கூடம் ஆகிவிடவில்லை. அதற்கு முன்பெல்லாம் வீட்டு முன்கூடத்தில் சாளரத்தருகே மேசை போட்டு நீர்வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய் வண்ணத்துக்கு மாறியதும் டர்பன்டைன் நெடி வீட்டிலிருந்தவர்களுக்குத் தலைவலியைக் கொடுத்ததால், மாட்டுக் கொட்டகையாக இருந்த பின்கட்டுக்குப் போனேன். இரண்டடிக் கித்தான் நான்கடியாக வளர்ந்தபோது மேசை வெளியே போயிற்று. ஆறடியானபோது, கித்தானை நிறுத்தும் மூன்று கால் தாங்கியான ஈசலும் (easel) தாங்கவில்லை. சுவரில் இரண்டு மரச்சட்டங்களை அறைந்து அவற்றின்மேல் கித்தானை நிறுத்தினேன். கழுநீர்த் தொட்டி இருந்த மூலை தூரிகை கழுவும் இடமாயிற்று, ஏனென்றால் தண்ணீர் வழிந்தோடும் வாட்டம் அங்கே முன்பே இருந்தது. இப்படி ஒவ்வொன்றும் ஒரு தேவையின் பின்னால் வந்து சேர்ந்ததே தவிர, எதையும் நான் முன்கூட்டித் திட்டமிடவில்லை.

இப்போது எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் முடிவு செய்யவேண்டியிருக்கிறது. இந்த நிலையைக் கடந்து வந்தவர்களும், கலைஞர்களின் பணியிடங்களைப் பற்றி அறிந்தவர்களும் சொல்லுங்கள். பழைய அறையிலிருந்து எதை எடுத்துச் செல்ல வேண்டும், எதை விட்டுவிட வேண்டும்?

வடக்குச்சாளரம் (ஓவிய ஆசிரியர், கோவை)

ஐயா, உங்கள் பதிவைப் படிக்கும்போது அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலக்கின் கொட்டகைதான் என் நினைவுக்கு வந்தது. அந்த இடத்தின் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் பல பகுதிகள் அதற்குள் இருக்கின்றன.

1943இல் கலைப்பொருள் சேகரிப்பாளர் பெக்கி குகன்ஹைம் தம் வீட்டு நுழைவாயிலுக்காக ஏறத்தாழ இருபதடி அகலத்தில் ஓர் ஓவியம் கேட்டார். நியூயார்க் நகரத்துக் குடியிருப்பில் அவ்வளவு பெரிய கித்தானை விரிக்க இடமில்லாததால், போலக் உள்சுவர் ஒன்றை இடித்தே வேலையைத் தொடங்கினார். அதாவது, முதலில் வளர்ந்தது ஓவியம். அறை அதன்பின் விரிந்தது. 1945 நவம்பரில் அவரும் அவருடைய மனைவியும் ஓவியருமான லீ கிராஸ்னரும் லாங் ஐலண்டின் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்கள். முதலில் அவர் மாடிப் படுக்கையறையில்தான் வரைந்தார். வீட்டுக்குப் பின்னால் தட்டுமுட்டுச் சாமான்கள் கிடந்த ஒரு மரக் கொட்டகை நீரோடையின் காட்சியை மறைத்துக்கொண்டிருந்தது. 1946இல் அதை அப்படியே நகர்த்தி நிலத்தின் வடபுறத்தில் நிறுத்தி, உயரத்தில் வடக்குச் சாளரம் ஒன்று வைத்து ஓவியக்கூடம் ஆக்கிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு அவர் கித்தானைத் தரையில் விரித்து வண்ணத்தை ஊற்றவும் சொட்டவும் தொடங்கினார். அந்த நிமிடத்திலிருந்து அவருக்குச் சுவரைவிடத் தரை முக்கியமாகிவிட்டது. கித்தானின் விளிம்பைத் தாண்டித் தெறித்ததெல்லாம் பலகைகளில் தங்கியது. வெப்ப வசதியில்லாத அந்தக் கொட்டகையை 1953இல் குளிர் தாங்கும்படி செப்பனிட்டபோது, தரைமீது மேசனைட் எனப்படும் அழுத்தப்பலகைச் சதுரங்களைப் பரப்பிவிட்டார்கள். 1956 ஆகஸ்டில் போலக் விபத்தில் இறந்தார். மறு ஆண்டு கிராஸ்னர் அதே கொட்டகைக்குள் வந்து தம் கித்தான்களைச் சுவரில் அறைந்து நின்றபடி வரைந்தார். 1984இல் இறக்கும்வரை அதுவே அவருடைய பணியிடம். அவருடைய தூரிகை விளிம்பைத் தாண்டிய இடமெல்லாம் சுவர்களில் வண்ணமாக நின்றுவிட்டது.

அவருக்குப் பின் அந்த இடத்தை ஆய்வு மையமாக ஆக்கும் பணி நடந்தபோது மேசனைட் சதுரங்களைப் பெயர்த்தார்கள். அடியில் 1946 முதல் 1952 வரையிலான வண்ணம் மங்காமல் கிடந்தது. இன்று பார்க்கச் செல்பவர்கள் மென்மையான காலுறை போன்ற செருப்பை அணிந்துதான் உள்ளே நடக்கவேண்டும்.

என்னை மிகவும் நெகிழச் செய்வது இதுதான்: தரையை மூடியவர்கள் குளிருக்காக மூடினார்களே அன்றி, பிற்காலத்துக்கு எதையும் விட்டுவைக்கவேண்டும் என்ற எண்ணத்தில் மூடவில்லை. அதனாலேயே அது தப்பியது. இப்போது அந்த ஒரே அறையில் தரை கணவருடையதாகவும் சுவர் மனைவியுடையதாகவும் நிற்கிறது. உங்கள் தரை என்ன தரை என்று சொல்ல முடியுமா?

கித்தான்காரன்

சிவப்பு ஆக்சைடு தரை. மேலே இருபது ஆண்டு வண்ணம். ஈசல் நின்ற இடத்தில் மூன்று புள்ளிகள் மட்டும் வெறுமையாக இருக்கின்றன.

மஞ்சள்வெயில் (மதுரை)

வடக்குச்சாளரம் அவர்கள் கிராஸ்னரைப் பற்றிச் சொன்னதை அவருடைய பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன். போலக் கொட்டகைக்குப் போனபின் அவர் விட்டுச் சென்ற அந்த மாடிப் படுக்கையறைதான் கிராஸ்னருக்குக் கிடைத்தது. 1946 முதல் 1950 வரை அங்கே அவர் செய்த சிற்றளவு ஓவியங்கள் ‘லிட்டில் இமேஜஸ்’ என்ற பெயரில் அறியப்படுகின்றன. எழுத்தைப் போன்ற குறிகள் இடைவெளியின்றி அடைந்து நிற்கும் ஓவியங்கள் அவை. கொட்டகைக்கு வந்த 1957ஆம் ஆண்டிலேயே அவர் ‘தி சீசன்ஸ்’ என்ற பதினேழு அடி அகல ஓவியத்தைச் செய்தார். அதே கைதான், இடம்தான் வேறு.

சிறிய அறையில் செய்தது குறைவானது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சிற்றோவியங்களின் அடர்த்தி பெரிய கித்தானில் வந்திருக்காது. ஆனால் பல ஆண்டுகள் படுக்கையறையில் வரைந்தவர், கணவர் இறந்த பிறகே கொட்டகையின் வடக்கு வெளிச்சத்துக்குள் வந்தார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் சாப்பாட்டு மேசையில் வரைந்தேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் விரித்து, காலையில் இட்லித் தட்டு வருவதற்குள் சுருட்டி வைத்துவிட வேண்டும். ஆகவே இரவுக்குள் காயக்கூடிய வண்ணம், ஒரு கோப்புக்குள் அடங்கக்கூடிய தாள், பாதியில் நிறுத்தினாலும் கெடாத முறை என்று என் ஓவியத்தின் இலக்கணத்தையே அந்த மேசை வகுத்தது. மகளுக்குத் திருமணம் ஆகி அவளுடைய அறை காலியானபோது ஆசையோடு ஐந்தடிக் கித்தான் வாங்கி நிறுத்தினேன். ஆறு மாதம் அதில் ஒன்றும் வரவில்லை. கை மணிக்கட்டிலிருந்தே அசைந்தது. தோளிலிருந்து அசையக் கற்றுக்கொள்ள அவ்வளவு காலம் ஆயிற்று. ஈரமான ஓவியத்தை ஈரமாகவே விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம் என்பதை நம்பவே எனக்குப் பல வாரங்கள் பிடித்தன.

ஐயா, புதிய இடத்தில் முதல் ஆறு மாதம் வேலை ஓடவில்லையென்றால் அறைமீது குறை காணாதீர்கள். உடம்பு பழைய அறையை மறக்க அவகாசம் வேண்டும்.

நிழல்கடிகாரம் (கட்டடக் கலைஞர், தஞ்சாவூர்)

உங்கள் மகன் வரைந்திருக்கும் நான்கு பக்கச் சாளரம் குறித்து ஒரு தொழில்முறைக் கருத்து.

வடக்கு வெளிச்சம்தான் ஓவியனுக்கு உகந்தது என்ற விதி ஐரோப்பாவில் பிறந்தது. நாற்பது பாகைக்கு மேற்பட்ட வட அகலாங்குகளில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்கிறது. வடக்குச் சாளரத்தில் பகலின் பெரும்பகுதி நேரடி வெயில் விழாது. நிழல் நகராது, நிறம் மாறாது. திருச்சியோ ஏறத்தாழ 10.8 பாகையில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்டு பிற்பகுதிவரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. காலையிலும் மாலையிலும் அது கிழக்குக்கும் மேற்குக்கும் சற்று வடக்கே நின்று சாய்ந்து அடிக்கும். ஆகவே நம் ஊரில் வடக்குச் சாளரம் மட்டும் போதாது. அதன்மேல் அகலமான தாழ்வாரமும், இரு பக்கத்திலும் செங்குத்தான தடுப்புச் சுவரும் இருந்தால்தான் கோடையிலும் வெயில் உள்ளே வராது. பழைய ஓட்டுக் கொட்டகையின் இறவாணம் தாழ்ந்து இறங்கியிருந்திருக்கும். அந்த வேலையை அதுதான் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்திருக்க வேண்டும். நான்கு பக்கமும் கண்ணாடி வைத்தால் ஒரு தூரிகைக்கு நான்கு நிழல் விழும். மேற்குக் கண்ணாடி மாலையில் அறையைச் சூளையாக்கிவிடும்.

தரையையும் கவனியுங்கள். சாளரத்தின் வழியே வரும் வெளிச்சத்தில் ஒரு பகுதி தரையில் பட்டுத்தான் கித்தானுக்கு ஏறுகிறது. சிவப்பு ஆக்சைடு தரை இருபது ஆண்டுகளாக உங்கள் ஓவியங்களின் கீழ்ப்பகுதிமேல் மெல்லிய செம்மையை வீசியிருக்கும். நீங்கள் அதற்கு ஈடாகப் பச்சையையும் நீலத்தையும் உங்களை அறியாமலேயே கூட்டியிருப்பீர்கள். வெள்ளைப் பளிங்கு டைல்ஸ் அந்தச் செம்மையை நீக்கிவிடும், ஆனால் ஈர எண்ணெய்ப் பரப்பில் கண்கூசும் ஒளியைத் தரும். பளபளப்பில்லாத நடுத்தரச் சாம்பல் நிறச் சிமெண்டுத் தரையே நல்லது.

மறந்துவிடுவதற்கு முன் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு ஓவியர் பால் செசான் 1901இல் தென்பிரான்சின் எய்க்ஸ் நகருக்கு வெளியே லோவ் குன்றில் நிலம் வாங்கி, மறு ஆண்டு தமக்கென்று ஓவியக்கூடம் கட்டிக்கொண்டார். மாடியில் வடக்கு நோக்கிய பெரிய சாளரம் உண்டு. குளிக்கும் பெண்களை வரைந்த தம் பெரிய கித்தான் படிக்கட்டில் இறங்காது என்பதால், சுவரில் ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட ஒடுக்கமான பிளவு ஒன்றை விட்டு, அதன்வழியே கித்தானை வெளியே நீட்ட வழி செய்துகொண்டார். உங்கள் ஆறடிக் கித்தான் இப்போது எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை மகனிடம் அளந்து காட்டுங்கள். கதவை மூன்றடியில் முடித்துவிடுவது நாங்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

உளிச்சத்தம் (சிற்பி, மாமல்லபுரம்)

அண்ணா, எங்கள் தொழிலில் இடத்தை மாற்றுவது கருவி. நான் கற்றுக்கொண்ட காலத்தில் கீற்றுக் கொட்டகையின் ஒரு மூலையில் உலை இருக்கும். முனை மழுங்கிய உளியை அங்கேதான் காய்ச்சித் தட்டித் தோய்ப்போம். கொட்டகையின் அமைப்பு முழுவதும் அந்த உலையைச் சுற்றித்தான் இருந்தது. டங்ஸ்டன் கார்பைடு முனை உளி வந்ததும் உலைக்கு வேலை குறைந்து, பிறகு அந்த மூலையில் கல்லை அடுக்கிவிட்டோம். அறுக்கும் இயந்திரம் வந்ததும் தூசு பொறுக்கமுடியாமல் வீட்டிலிருந்து தள்ளி ஊருக்கு வெளியே போனோம். மின் இணைப்பும் தண்ணீர்க் குழாயும் இருக்கும் இடத்தில்தான் இன்று பட்டறை.

எதை எடுத்துச் செல்வது என்ற கேள்விக்கு நான் சிற்பி பிரான்குஷியைச் சொல்வேன். பாரிசில் இம்பாஸ் ரோன்சேன் என்ற முட்டுச்சந்தில் 1916 முதல் 1957இல் இறக்கும்வரை அவர் வேலை செய்தார். முதலில் 8ஆம் எண், பிறகு 11ஆம் எண். அங்கே அடுத்தடுத்த அறைகளை ஒவ்வொன்றாக எடுத்து நடுச்சுவரைத் திறந்துகொண்டே போனார். 1936இலும் 1941இலும் மேலும் இரண்டு அறைகள் சேர்ந்தன. முன்னறைகளில் சிற்பங்கள் நிற்கும். பணிமேசையும் கருவிகளும் கடைசியில் சேர்ந்த அறைகளில் இருக்கும். நாளாக ஆகச் செதுக்குவதைவிடச் சிற்பங்களை ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி, எந்த உயரத்தில் நிறுத்துவது என்பதே அவருடைய வேலையாகிவிட்டது. ஒன்றை விற்றால் அந்த இடத்தில் அதன் சுதை நகல் ஒன்றை வைத்துவிடுவார், கூட்டம் கலையக்கூடாது என்பதற்காக. 1956இல் எழுதிய உயிலில், தாம் இறக்கும் நாளில் இருந்தபடியே பணிக்கூடத்தை மறுபடியும் அமைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எல்லாவற்றையும் பிரெஞ்சு அரசுக்குக் கொடுத்தார்.

ஆகவே என் யோசனை இது: பொருள்களை அல்ல, அவற்றுக்கு இடையிலுள்ள தூரங்களை எடுத்துச் செல்லுங்கள். வண்ணத்தட்டிலிருந்து கித்தானுக்கு எத்தனை அடி, பின்வாங்கி நின்று பார்க்க எத்தனை அடி என்று நாடாவைப் பிடித்து அளந்து எழுதி வையுங்கள்.

சாம்பல்மேடு

உளிச்சத்தம் அவர்களோடு நான் உடன்படவில்லை. பிரான்குஷி அந்த ஏற்பாட்டைச் செய்தபோது புதிய சிற்பம் செய்வதை நிறுத்திவிட்டிருந்தார். அவருக்கு அது பொருத்தம். கித்தான்காரன் ஐயா இன்னும் வரைந்துகொண்டிருக்கிறார்.

ஓவியர் பிரான்சிஸ் பேக்கனைப் பாருங்கள். லண்டனில் 7, ரீஸ் மியூஸ் என்ற முகவரியில் 1961இல் குடியேறி, 1992இல் இறக்கும்வரை சுமார் ஆறு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் கொண்ட ஒரே அறையில் வரைந்தார். அந்த அறை விரியவேயில்லை. உள்ளே குவிந்தது மட்டும்தான் வளர்ந்தது. கிழித்த புத்தகத் தாள்கள், மிதிபட்ட புகைப்படங்கள், கத்தியால் அறுத்தெறிந்த கித்தான்கள் எல்லாம் முழங்காலளவு கிடந்தன; சுவரும் கதவும் அவருக்கு வண்ணத்தட்டு. மடிந்து கசங்கிய புகைப்படத்தின் மடிப்பே சில நேரம் ஓவியத்தில் முகத்தின் திரிபாக வந்தது. குப்பை என்று பிறர் கண்டதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டே இருந்தார்.

1998இல் அந்த அறையை டப்ளின் நகரத்து ஹியூ லேன் கலைக்கூடத்துக்கு வழங்கினார்கள். தொல்லியலாளர்கள் அகழாய்வு செய்வதுபோல ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்து, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களையும் சுவர், கதவு, தரை, கூரையையும் தூசியையும்கூட எடுத்துச் சென்று 2001இல் மறுபடி நிறுவினார்கள். மகத்தான உழைப்பு, அதற்காக நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தக் குவியலில் இனி ஒரு தாளும் விழாது, ஒரு தாளும் எடுக்கப்படாது. அவர்கள் காப்பாற்றியது முப்பது ஆண்டு அறையின் கடைசி நாளை.

ஐயா, உங்கள் அறையின் கடைசி நாளை நீங்களே காப்பாற்றிக்கொண்டு அதற்குள் வரைய முடியுமா? அளந்து எடுத்துப் போகாதீர்கள். வெறும் அறைக்குள் போங்கள். எது தேவையோ அது தானாக வந்து சேரும், மாட்டுக் கொட்டகையில் வந்து சேர்ந்ததைப் போல.

உளிச்சத்தம்

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நண்பரே. ஆனால் வெறும் அறைக்குள் போகச் சொல்லும்போது அவருடைய வயதையும் நினைக்கவேண்டும். இருபது ஆண்டு கழித்து அது நிரம்பும் என்று காத்திருக்க முப்பது வயதில் முடியும். தூரத்தை அளந்து வைப்பது கண்ணுக்கும் முதுகுக்கும் செய்யும் உதவி. அதை நினைவுச்சின்னம் ஆக்கச் சொல்லவில்லை.

நெய்தல்வாசி (சென்னை)

காப்பாற்றுவது பற்றி இவ்வளவு பேசியபின் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் தரைத்தள அறைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தாளில் வரைந்த அனைத்தும் கீழ்த்தட்டு இழுப்பறைகளில் இருந்தன. பதினொரு ஆண்டு வேலை கூழாகிவிட்டது. கித்தான்கள் சுவரில் உயரத்தில் இருந்ததால் தப்பின. அதன்பின் என் அறையில் தாள் வைக்கும் எதுவும் நான்கடிக்குக் கீழே இல்லை. என் அறையில் நடந்த மிகப் பெரிய மாற்றம் அதுதான். அதை நான் விரும்பிச் செய்யவில்லை.

பிரான்குஷியின் கூடமும் தண்ணீரில் அகப்பட்டதுதான். 1977இல் பாரிசின் பாம்பிடு கலை மையத்துக்கு எதிரே மறுபடி அமைக்கப்பட்டது, 1990இல் வெள்ளத்தால் மூடப்பட்டது. பிறகு ரென்சோ பியானோ வடிவமைத்த கட்டடத்தில் 1997இல் திறந்தார்கள். தரைமட்டத்தைத் தெருவைவிட இரண்டு படி உயர்த்துங்கள் ஐயா. மற்றவற்றையெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இதை மாற்ற முடியாது.

இன்னொன்றும் தோன்றுகிறது. ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது, மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணம் அந்த நிலத்துக்கும் பிழைப்புக்கும் துணையாக இருந்தது. ஓவியனுக்கு இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர்கள் அவர்கள். உங்களுக்கு மகனே கட்டித் தருகிறான். அந்த வரைபடத்தைத் தள்ளிவிடாமல் அவனோடு உட்கார்ந்து திருத்துங்கள்.

கித்தான்காரன்

எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மூன்று நாளாக இந்தப் பதிவுகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு மகனோடு பேசினேன். நெய்தல்வாசி சொன்னபடி முதலில் தரை உயரத்தைத்தான் பேசினோம்; இரண்டு படி என்பது மூன்று படியாகியிருக்கிறது. நான்கு பக்கக் கண்ணாடி போய்விட்டது. வடக்கில் ஒரு பெரிய சாளரம், அதன்மேல் நாலடித் தாழ்வாரம், பக்கத் தடுப்புகள் என்று அவனே மாற்றி வரைந்தான். நிழல்கடிகாரம் அவர்கள் தந்த சூரியக் கணக்கு அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கிழக்குச் சுவரில் எட்டடி உயரத்துக்கு ஒடுக்கமான கதவு வருகிறது.

உளிச்சத்தம், சாம்பல்மேடு இருவரும் சொன்னதில் எதைக் கேட்பது என்று வெகுநேரம் தடுமாறினேன். சுவரில் அறைந்த இரண்டு மரச்சட்டங்களும் புதிய அறைக்கு வருகின்றன, ஏனென்றால் அவை கருவிகள். அலமாரிகளை இப்போது கட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓராண்டு வரைந்து பார்த்தபின் எங்கே வேண்டுமோ அங்கே தச்சரை அழைத்துக்கொள்ளலாம். தரை சாம்பல் நிறச் சிமெண்டு.

பழைய தரையைப் பெயர்க்க முடியாது, தூளாகிவிடும். அதன் மேலேயே மண் நிரப்பிப் புதுத் தரை போடலாம் என்று கொத்தனாரிடம் கேட்டோம். மூன்று படி உயர்த்துவதால் அது தோதாக அமைகிறது என்றார். அஸ்திவாரம் தோண்டும் சுவரோரங்கள் மட்டும் உடையும். நடுவில் இருப்பது அப்படியே கீழே இருக்கும். நேற்று மாலை மகன் நாடாவோடு வந்து, ஈசலின் மூன்று புள்ளிகளிலிருந்தும் சுவர்களுக்கு உள்ள தூரத்தை அளந்து வரைபடத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டான். நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஓடு இறக்க ஆள் வருகிறார்கள்.